மேடை நிகழ்ச்சி வீடியோ: குறை கேமராவில் இல்லை, செட்டிங்கில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழிக் கச்சேரி, அரங்கேற்றம், பள்ளி ஆண்டுவிழா, அதைத் தொடர்ந்து கோயில் திருவிழா என வரிசையாக நிகழ்ச்சிகள் வரும் காலம் இது. எந்த அரங்கிலும் நாலைந்து பேராவது சொந்தக் கேமராவில் வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்து டிவியில் போட்டுப் பார்த்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடும், ஆடிய பிள்ளையின் முகம் வெளுத்துக் கிடக்கும், தவில் சத்தம் கிழிந்து கேட்கும். உடனே அடுத்த மாடல் கேமராவுக்கு விலை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்தச் செலவு வீண். இணையத்தில் புழங்கும் செட்டிங் ஆலோசனைகளில் பல 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 சுற்று) மின்சாரத்தையும், வெளிர்நிற முகத்தையும், மைக் முன் உட்கார்ந்து பேசும் ஒற்றைக் குரலையும் மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. நம் ஊர் மேடையில் இந்த மூன்றுமே கிடையாது. இதை வாசகர்களுக்கு விளக்கத்தான் இந்தக் கடிதம்.

பட்டை ஓடுவதற்குக் காரணம் மின்சாரம். இந்தியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் விளக்கு இரண்டு முறை ஏறி இறங்குவதால் டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்புகளும் நொடிக்கு 100 தடவை மினுங்குகின்றன. கண்ணுக்கு அது தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர், அதாவது ஒவ்வொரு பிரேமிலும் (வீடியோவின் ஒற்றைப் படத்தில்) ஒளி விழும் நேரம், 1/50 அல்லது 1/100 நொடி என்று இருந்தால் ஒவ்வொரு பிரேமும் முழு மினுக்கங்களைச் சேர்த்து வாங்கும், படம் அமைதியாக இருக்கும். 1/60 என்றால் ஒன்றரைச் சொச்ச மினுக்கம்தான் உள்ளே வரும். பிரேமுக்குப் பிரேம் வெளிச்சம் மாறும். சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால் அந்த வித்தியாசம் பட்டையாக விழும்.

ஆகவே முதல் வேலை மெனுவில் பி.ஏ.எல் முறைக்கு (50 சுற்று நாடுகளுக்கானது, 60 சுற்று நாடுகளுக்கு என்.டி.எஸ்.சி) மாற்றி, நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைப்பது. சோனியில் ‘என்.டி.எஸ்.சி/பி.ஏ.எல் செலக்டர்’ என்றும், கேனானில் ‘வீடியோ சிஸ்டம்’ என்றும், பானசோனிக்கில் ‘சிஸ்டம் ஃப்ரீக்வென்சி’ என்றும் இருக்கும். பெரும்பாலான நிக்கான்களில் தனி முறை இல்லை, பிரேம் எண்ணிக்கைப் பட்டியலிலேயே 25, 50 என்று இருக்கும். 60 சுற்று மின்சாரம் உள்ள அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவந்த கேமராவில் இதைப் பார்க்காமல் நிகழ்ச்சிக்குப் போகவே கூடாது. சில மாடல்களில் இந்த முறையை மாற்றினால் கார்டை ஃபார்மேட் செய்யச் சொல்லும், அதனால் அரங்கில் வைத்து மாற்றாமல் வீட்டிலேயே மாற்றிவிடுங்கள். 30 பிரேம்தான் வேண்டும் என்பவர்கள் அதிலும் ஷட்டரை 1/50 என்று வைக்கலாம், பட்டை வராது. 60 பிரேமில் 1/50 வைக்க வழியில்லை, 1/100 வையுங்கள். ஸ்லோமோஷனுக்காக 120 பிரேம் வைத்தால் டியூப்லைட் கூடத்தில் மினுக்கத்திலிருந்து தப்பவே முடியாது. 100 பிரேம் இருக்கிறதா என்று பாருங்கள்.

டயல் ‘ஆட்டோ’விலோ ‘பி’யிலோ இருந்தால் இத்தனையும் வீண். வெளிச்சம் மாறும்போதெல்லாம் கேமரா தன் இஷ்டத்துக்கு ஷட்டரை மாற்றிக்கொள்ளும். ‘எம்’ (மேனுவல்) வைத்து ஷட்டர், அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) இரண்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மேடை அல்லாத இடங்களில் ஐஎஸ்ஓவை (ஒளியுணர் திறனை) மட்டும் வேண்டுமானால் ஆட்டோவில் விடலாம், ஆனால் 3200 அல்லது 6400 என்று உச்சவரம்பு போட்டுவிட்டு. ஐபோன் வைத்திருப்பவர்கள் கேமரா அமைப்புகளில், வீடியோ பதிவுப் பகுதியில், பி.ஏ.எல் வடிவங்களைக் காட்டும் சுவிட்சைப் போட்டால் 25 பிரேம் தெரியும். ஷட்டரையும் பூட்ட வேண்டுமென்றால் இலவசமாகக் கிடைக்கும் பிளாக்மேஜிக் கேமரா செயலி போதும்.

இரண்டு இடங்களில் 1/50 கூடக் கைவிடும். ஒன்று, ஜெனரேட்டரில் ஓடும் ஊர்த் திருவிழா. பாரம் ஏற இறங்க ஜெனரேட்டரின் சுற்று 50இல் நிற்காமல் கொஞ்சம் அப்படியும் இப்படியும் போகும். மங்கலான பட்டை மெதுவாக ஊரும். 25 பிரேமில் ஷட்டரை 1/25க்கு இறக்கினால் அது பெரும்பாலும் மறையும். ஆனால் வேகமான அசைவு குழையும் என்பதால் சுவாமி புறப்பாட்டுக்குச் சரி, கரகாட்டத்துக்குச் சரிவராது. மற்றொன்று, மேடைக்குப் பின்னால் நிற்கும் எல்இடி திரையும், வெளிச்சத்தைக் குறைத்து வைத்த எல்இடி பார் லைட்டும். இவற்றின் மினுக்கம் மின்சாரச் சுற்றோடு சம்பந்தப்பட்டதல்ல, உள்ளே இருக்கும் சில்லு தீர்மானிப்பது. ஷட்டரை நுணுக்கமாக நகர்த்தும் வசதி உள்ள கேமராவில் பட்டை நிற்கும் இடம்வரை நகர்த்திப் பார்க்க வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் லைட்காரரிடம் டிம்மரை முழுதாக ஏற்றச் சொல்லுங்கள், அப்பர்ச்சரை மூடிக்கொள்ளலாம். எல்இடி திரையில் வலைப்பின்னல் போல் நெளியும் கோடு வேறு சங்கதி. திரையின் புள்ளிகளும் சென்சாரின் புள்ளிகளும் மோதுவதால் வருவது அது. திரை ஃபோகஸை விட்டு விலகியிருந்தாலே போய்விடும், கேமராவை ஓரடி முன்பின் நகர்த்தினாலும் குறையும்.

பகலில், வெட்டவெளியில் இதே 1/50 வேறு தொல்லை தரும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100 வைத்தாலும் அப்பர்ச்சரை எஃப் 22 (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்) வரை மூட வேண்டியிருக்கும். அவ்வளவு மூடினால் ஒளி சிதறிப் படம் மழுங்கும். எஃப் 4இல் எடுக்க 5 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்) குறைக்கும் என்டி 32 ஃபில்டர், அதாவது ஒளியை மட்டுப்படுத்தும் கண்ணாடி, வேண்டும், எஃப் 2.8 என்றால் என்டி 64. சுழற்றி மாற்றும் வகை வசதிதான், ஆனால் மலிவானதைக் கடைசி அளவுவரை திருப்பினால் படத்தின் நடுவே பெருக்கல் குறிபோல நிழல் விழும். தேர்த்திருவிழாவை ஃபில்டர் இல்லாமல் 1/1000 ஷட்டரில் எடுத்தால், வடம் பிடிக்கும் கைகள் எல்லாம் வெட்டி வெட்டி நகரும்.

இனி முகம். கறுப்புத் திரைக்கு முன்னால் ஃபோகஸ் லைட்டில் நிற்கும் நடனமணியைக் கேமராவின் மீட்டர் பார்க்கும்போது அதன் கண்ணில் படுவது பெரும்பகுதி கறுப்பு. ‘இருட்டாக இருக்கிறதே’ என்று வெளிச்சத்தை ஏற்றும், முகம் சுண்ணாம்பு ஆகும். அதனால்தான் மேடைக்கு மீட்டரை நம்பக் கூடாது என்கிறோம். நம்ப வேண்டியது ஜீப்ரா, அதாவது குறிப்பிட்ட வெளிச்ச அளவைத் தொட்ட இடத்தில் திரையில் கோடுபோட்டுக் காட்டும் வசதி. முகத்துக்கு 70 சதவீதம் என்று இணையம் முழுக்கச் சொல்வார்கள். அது வெளிர்நிறத் தோலுக்கான அளவு. நம் மாநிற முகத்தை 70க்கு ஏற்றினால் மூக்கு, நெற்றி எல்லாம் வெந்துபோகும். மாநிறத்துக்கு 50 முதல் 60, நல்ல கறுப்பு நிறத்துக்கு 40 முதல் 50 என்று வைத்தால் நிறம் நிறமாகவே நிற்கும். இன்னும் சுலபமான வழி ஒன்று உண்டு. ஜீப்ராவை 95இல் வைத்துவிட்டு, அதே விளக்கடியில் யாராவது வெள்ளை வேட்டியோடு நிற்கும்போது பாருங்கள். வேட்டியில் கோடு விழுந்தால், அது மறையும்வரை அப்பர்ச்சரை மூடுங்கள். முகம் தானாகச் சரியான இடத்தில் இருக்கும். நெற்றிச்சுட்டியிலும் ஜரிகையிலும் பளிச்சிடும் கோடுகளைப் பொருட்படுத்த வேண்டாம், அவை மின்னத்தான் வேண்டும்.

கலர் லைட்டில் மீட்டரும் ஏமாறும், ஜீப்ராவும் ஏமாறும். முழுச் சிவப்பு அல்லது முழு நீல விளக்கில் ஒரே ஒரு நிறத் தடம் மட்டும் நிரம்பி வழியும், மற்ற இரண்டும் காலியாக இருக்கும். மொத்த அளவு குறைவாகவே காட்டும். விளைவு, கண் மூக்கு தெரியாத சிவப்புத் தட்டையாக முகம். அந்தக் காட்சி வரும்போது ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள். ஆண்டுவிழாக்களில் ‘நெருப்பு’, ‘கடல்’ என்று தீம் டான்ஸ் வைக்கிறார்களே, அங்கேதான் இது அதிகம்.

ஒயிட் பேலன்ஸையும், அதாவது விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளையைச் சரிசெய்யும் அமைப்பையும், ஆட்டோவில் விடக் கூடாது. பச்சைப் பட்டுக்காரர் நகர்ந்து மஞ்சள் பட்டுக்காரர் வந்தால், ஒரே ஷாட்டில் பின்திரையின் நிறமே மாறும். பழைய ஹாலஜன் மேடைக்கு 3200 கெல்வின், வெள்ளை எல்இடி மேடைக்கு 5600, இரண்டும் கலந்திருந்தால் 4300 வாக்கில் வைத்துப் பூட்டிவிடுங்கள். குத்துவிளக்கேற்றும் காட்சிக்காக மட்டும் 2000க்கு இறக்க வேண்டாம். விளக்கொளியின் பொன்னிறம் போய், ஆஸ்பத்திரி வெளிச்சம் வந்துவிடும். பின்னால் நிறம் திருத்துவதற்காக வெளிறிய படமாகப் பதியும் ‘லாக்’ படமுறை பற்றியும் ஒரு வார்த்தை. 8 பிட் (10 பிட்டைவிடக் குறைந்த நிறப்படிகள்) மட்டுமே பதிவுசெய்யும் கேமராவில் லாக் வைத்து எடுத்துவிட்டுப் பின்னால் நிறத்தை இழுத்தால், ஒளி மங்கும் பின்திரையில் படிப்படியாக வளையம் விழும். 10 பிட் இல்லாதவர்கள் சாதாரணப் படமுறையிலேயே எடுக்கலாம்.

லென்ஸ் விஷயத்தில், கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸைக் குறை சொல்ல வேண்டியதில்லை, அதன் குணத்தைத் தெரிந்துகொண்டால் போதும். 18–55 லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 3.5 வரை திறக்கும், 55க்குப் போனால் எஃப் 5.6தான். 3.5இல் தொடங்கி ஷாட் ஓடும்போதே ஜூம் செய்தால் படம் ஒரு ஸ்டாப்புக்கு மேல் இருண்டுவிடும். ஆரம்பத்திலேயே 5.6 என்று வைத்துவிட்டால் எவ்வளவு ஜூம் செய்தாலும் வெளிச்சம் அசையாது. எஃப் 1.8 லென்ஸ் வாங்கியவர்கள் அதைத் திறந்தே வைத்திருக்க ஆசைப்படுவார்கள். ஃபுல்ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்து 5 மீட்டர் தூரத்தில் பாடகரைப் பிடித்தால், தெளிவாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ 35 செ.மீ. பாடகர் தெளிவு, பக்கத்தில் சற்றுத் தள்ளி உட்கார்ந்த வயலின்காரர் மங்கல். எஃப் 5.6இல் அதே ஆழம் ஒரு மீட்டரைத் தாண்டும். உட்கார்ந்து பாடும் கச்சேரிக்கு ஆட்டோ ஃபோகஸே தேவையில்லை. அது பாடகரை விட்டுவிட்டு மைக்கைப் போய்ப் பிடிக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கண்ணிமையில் ஃபோகஸ் வைத்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். நடனத்துக்கு முகமறியும் ஆட்டோ ஃபோகஸ் நல்லது, அதன் மாறும் வேகத்தை மட்டும் குறைத்து வையுங்கள்.

நடனத்தை எடுப்பவர்கள் செய்யும் பெரும் தவறு ஜூம்தான். ஜதி ஓடும்போது முகத்தை நெருக்கிக் காட்டி என்ன பயன்? அரைமண்டியும் பாதமும் நீட்டிய கையின் விரல்நுனியும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரு கை நீளம் காலி இடம் வேண்டும். நெருக்கம் அபிநயப் பகுதிக்கு. கேமரா உயரம் மேடைத் தரையைவிடச் சற்று மேலே இருக்கட்டும், தாழ்ந்தால் முன்னால் வைத்த ஸ்பீக்கர் பாதத்தை மறைக்கும். டிரைபாடைப் பலகை மேடையின் மேல் நிறுத்தாதீர்கள், தட்டடவின் ஒவ்வொரு அடியும் படத்தில் குதிக்கும். டிரைபாடில் ஏற்றியதும் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தும்போது படம் ஒருமுறை தானாக வழுக்கும். திருப்பும் வேகத்துக்குக் கணக்கு: ஒரு தூண் படத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக 7 நொடியாவது ஆக வேண்டும்.

அரங்கேற்றம் எடுப்பவர்கள் தங்கள் கேமரா தொடர்ந்து எவ்வளவு நேரம் பதிவு செய்யும் என்று பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும். பழைய கேமராக்கள் பலவும் 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். அரை மணிக்கு மேல் பதிவு செய்யும் கருவிக்கு ஐரோப்பாவில் கூடுதல் சுங்கவரி இருந்ததால் கம்பெனிகள் வைத்த வரம்பு அது. ஆனால் வர்ணம் அரை மணியைத் தாண்டுவது சர்வ சாதாரணம், சரியாகக் கடைசிச் சரண சுவரங்களில் கேமரா நின்றுபோகும். சப்தம் முடிந்து வர்ணம் தொடங்கும் இடைவெளியில் நிறுத்திப் புதிதாகத் தொடங்குங்கள். அப்படியும் தாண்டும் என்று தெரிந்தால் இன்னொரு கேமராவோ போனோ 10 நிமிடம் தள்ளித் தொடங்கி ஓடட்டும். 4கே பதிவில் சூடு ஏறி நிற்பதும் உண்டு. பக்கத்தில் திறக்கும் திரையை உடலிலிருந்து விலக்கி வைத்தால் பின்பக்கத்துச் சூடு வெளியேறும். வைஃபையை அணைத்துவிடுங்கள், டம்மி பேட்டரி போட்டு வெளியிலிருந்து மின்சாரம் கொடுங்கள்.

ஒலியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். படம் சுமாராக இருந்தாலும் மக்கள் பார்ப்பார்கள், ஒலி கெட்டால் இரண்டாம் நிமிடமே அணைத்துவிடுவார்கள். கேமராவின் சொந்த மைக்கில் ஆட்டோ லெவல் போட்டிருந்தால், தவில் ஒரு தட்டுத் தட்டியதும் எல்லாச் சத்தத்தையும் அமுக்கிவிட்டு மெல்ல ஏற்றும். மூச்சு வாங்குவதுபோல் கேட்கும். அதை மேனுவலுக்கு மாற்றி, உச்சத்தில் -12 டெசிபல் தொடும்படி வையுங்கள். நாதஸ்வரம் வாசிக்கத் தொடங்கும்போது பார்த்து வைத்த அளவு, தனி ஆவர்த்தனத்தில் தாண்டிவிடும். ஆகவே தவில் உச்சத்தில் இருக்கும்போது பார்த்து வையுங்கள். காற்றிரைச்சலைக் குறைக்கும் ‘லோ கட்’டை நல்லதென்று போடாதீர்கள், மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்க) நாதத்தில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும். வெளியில் எடுத்தால் மைக்குக்கு உரோம உறை போடுங்கள், அது போதும்.

மைக்செட்டிலிருந்து நேராக ஒலி எடுப்பதுதான் நல்ல வழி, அதிகம் பேர் கெடுத்துக்கொள்வதும் அங்கேதான். மிக்சரின் (ஒலிகளைக் கலக்கும் பெட்டியின்) எக்ஸ்எல்ஆர் அவுட்டில் (மூன்று பின் துளையில்) ஒரு பூமிக் கம்பியும், ஒலியைத் தாங்கும் இரண்டு கம்பிகளும் உண்டு. இரண்டாவது கம்பியில் வருவது முதலாவதன் தலைகீழ் நகல். கடையில் கிடைக்கும் மலிவான மாற்றுக் கேபிள், ஒரு கம்பியை இடதுக்கும் மற்றதை வலதுக்கும் கொடுத்துவிடும். ஹெட்ஃபோனில் கொஞ்சம் குடைந்ததுபோல் கேட்கும், அவ்வளவுதான். ஒற்றை ஸ்பீக்கர் போனில் இரண்டும் சேரும்போது ஒன்றை ஒன்று அழித்து, பாட்டே காணாமல் போகும்! அப்படி எடுத்துவிட்டவர்கள் பதற வேண்டாம்: எடிட்டிங்கில் வலது தடத்தை நீக்கிவிட்டு, இடதை இரண்டு பக்கமும் போட்டால் மீண்டுவிடும். எடுக்கும்போதே தவிர்க்க, மிக்சரின் ‘ரெக் அவுட்’டில் இருக்கும் ஆர்சிஏ (சிவப்பு-வெள்ளை) துளைகளிலிருந்து 3.5 மி.மீ. கேபிளில் எடுங்கள்.

அடுத்து அளவு. மிக்சர் தருவது ஒரு வோல்ட் வாக்கில், கேமராவின் மைக் துளை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். நேராகச் சொருகினால், கேமராவில் அளவை எவ்வளவு குறைத்தாலும் முன்வாசலிலேயே ஒலி உடைந்திருக்கும். 25 முதல் 40 டெசிபல் வரை குறைக்கும் அட்டெனுவேட்டர் கேபிள் வேண்டும். லைன்-இன் (மிக்சர் அளவு ஒலியைத் தாங்கும் துளை) உள்ள சிறிய ரெக்கார்டர் ஒன்றை வைத்துக்கொண்டால் அதுவும் தேவையில்லை. சார்ஜரில் மாட்டிய கேமராவை மிக்சரோடும் இணைத்தால் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வரும், ஒலி எடுக்கும் கருவியைப் பேட்டரியில் ஓட்டுங்கள். போனுக்கான காலர் மைக்கைக் கேமராவில் போட்டு ஒலி வரவில்லை என்பவர்கள் பின்னைப் பார்க்கவும். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் அது போனுக்கானது, கேமராவுக்கு இரண்டு வளையப் பின் வேண்டும்.

மிக்சரில் எல்லாமே வந்துவிடாது. மைக் வைக்காத தவில், சலங்கை, கைதட்டல் எதுவும் அதில் இராது. மேடை விளிம்பில் மடித்த துண்டின் மேல் இன்னொரு ரெக்கார்டரை வைத்தால் சலங்கை கிடைக்கும். துண்டு இல்லாவிட்டால் மிதியின் ‘தொம்’ மட்டும் கிடைக்கும். எல்லாக் கருவியிலும் ஒலிப்பதிவு வேகத்தை 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை, முடிவிலும் ஒருமுறை கேமராவுக்குத் தெரியும்படி கைதட்டுங்கள். இரண்டு கருவிகளின் கடிகாரமும் சரியாக ஒத்துப்போகாது, நீண்ட பதிவில் முடிவுத் தட்டை வைத்துத்தான் இழுத்துச் சேர்க்க முடியும். தூரத்தையும் நினைவில் கொள்ளுங்கள்: 25 பிரேம் பதிவில் ஒரு பிரேம் என்பது ஒலி ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கும் நேரம். கூடத்தின் கடைசியில், 28 மீட்டரில் நிற்கும் கேமராவின் சொந்த மைக்கில் தாளம் இரண்டு பிரேம் பிந்தியே விழும்.

கார்டு கணக்கு எளிது. நொடிக்கு 100 மெகாபிட் பதிவு மணிக்கு 45 ஜிபி தின்னும். மூன்று மணி நேர அரங்கேற்றத்துக்கு 128 ஜிபி கார்டு ஒன்று போதாது. வி30 என்று அச்சிட்ட கார்டு நொடிக்கு 30 மெகாபைட் தாங்கும், இந்தப் பதிவுக்கு அது தாராளம். வாங்கியதும் கணினியில் முழுக்க நிரப்பிச் சோதியுங்கள், போலிக் கார்டு பாதியில்தான் பல்லிளிக்கும். 32 ஜிபியும் அதற்குக் குறைந்ததுமான கார்டுகளில் கோப்பு 4 ஜிபிக்கு ஒருமுறை துண்டாகும், அதனால் துண்டு துண்டாக எடுக்காமல் ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள்.

சபாச் செயலாளர்களுக்கும் பள்ளி நிர்வாகிகளுக்கும் மைக்செட் உரிமையாளர்களுக்கும் உங்கள் இதழ் வழியே ஒரு வேண்டுகோள். மிக்சரின் ‘ரெக் அவுட்’ பெரும்பாலும் சும்மாவேதான் கிடக்கிறது. அதிலிருந்து ஒரு கேபிளை இழுத்து, நாலைந்து பேர் ஒரே நேரத்தில் ஒலி எடுக்கும்படி ஒரு பிரிப்புப் பெட்டியைப் பார்வையாளர் பக்கம் வைத்துவிட்டால், யாரும் மிக்சரைத் தொடவே தேவையிருக்காது. நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால், மேடையில் எரியப்போகும் அதே விளக்குகளை ஐந்து நிமிடம் போட்டுக் காட்டினால், நாங்கள் சொன்ன ஷட்டர், ஒயிட் பேலன்ஸ், வேட்டிச் சோதனை மூன்றையும் அதற்குள் முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
நிகழ்ச்சி ஒளிப்பதிவாளர்கள் இருவர்,
கும்பகோணம்.